சம்பந்திகள் விரிப்பு மடிக்கும் விதம்

அன்று மேலாளர் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் மேலாளர். அவருக்கு வலப்பக்கம், மடியில் பச்சை நிறக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, முதுகு நாற்காலியில் படாமல் மடிப்புப் பகுதியின் புது மேற்பார்வையாளர். ஜன்னலோரம், உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையைக் கட்டிச் சுவரில் சாய்ந்தபடி உருளைக்காரர். இஸ்திரி உருளையை ஓட்டுபவர் அவர்; தொழிலாளர்களின் பிரதிநிதியும் அவர்தான். மேசைக்கு எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றைப் பெரிய சம்பந்தி கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றதைச் சின்ன சம்பந்தி காலாலேயே தள்ளிக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார். அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே முக்காலியில், எழுதும் பலகையோடு நான்.

எங்கள் சலவைக்கூடம் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிறது. முதலாளி வெளியூரில் இருக்கிறார். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும் என்பது அவர் கட்சி. அதனால் ஒருவரை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு மாற்றுவதென்றால்கூடக் கூட்டம் போட்டு, கை தூக்கி, காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி அவருக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடிதங்களை எழுதுவது என் வேலை. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்வார். "எங்க உக்காந்தான்னு தெரிஞ்சா, என்ன பேசியிருப்பான்னு பாதி தெரிஞ்சுடும்" என்பார்.

அன்றைய பொருள் ஒன்றே ஒன்று. பெரிய சம்பந்தியை மடிப்புப் பகுதியிலிருந்து அழுக்கறைக்கு மாற்றுவதா, வேண்டாமா?

அழுக்கறை என்பது மருத்துவமனை மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் இடம். ஜன்னல் கிடையாது. முழங்கைவரை கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் மூக்கிலிருந்து அந்த வாடை இறங்காது. இளவட்டங்கள் கொஞ்ச நாள் தாக்குப் பிடிப்பார்கள். பெரிய சம்பந்தியின் வயதில் ஒருவரை அங்கே அனுப்புவது, வேலையை விட்டுப் போங்கள் என்பதை மரியாதையாகச் சொல்வது.

இருவரும் பெண்கள்; பெரிய சம்பந்தி நல்ல உயரம், சின்னவர் குள்ளம். பட்டப்பெயர் அப்படி வந்தது. பெரியவரின் மகன் சின்னவரின் மகளைக் கட்டியிருக்கிறான். அந்தக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருவரும் இங்கே ஜோடியாக விரிப்பு மடிப்பவர்கள். சம்பந்தம் பேசி முடித்ததே ஒரு டபுள் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டுதான் என்று உருளைக்காரர் சொல்வார். பிள்ளைகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலைக்காக வேறு ஊருக்குப் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அவங்க பொண்ணுதான் தூண்டிவிட்டா" என்பது ஒரு பக்கத்து வாதம். "அவங்க பையன்தான் இழுத்துட்டுப் போனான்" என்பது மறுபக்கத்து வாதம். சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது வந்தால், பக்கத்தில் நிற்கும் தள்ளுவண்டியிடம் சொல்வார்கள்.

"டிராலி, இந்த ஓரம் ஈரமா இருக்கு, திரும்ப உருளைக்குப் போகணும்னு சிலருக்குத் தெரியாதா?"

"டிராலி, சிலருக்குக் கண்ணு இப்பத்தான் தெரிய ஆரம்பிச்சிருக்கு போல."

பதில் சொல்ல வேண்டிய இக்கட்டு இல்லாததால் தள்ளுவண்டி இருவரிடமும் ஒரே மாதிரி நடந்துகொண்டது.

விரிப்பு மடிப்பது பார்வைக்குச் சுலபம். உருளையிலிருந்து விரிப்பு சூடாக வழிந்து வரும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து எதிரெதிரே நின்று, ஓர் உதறு உதறி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி முனைகளைச் சேர்க்க வேண்டும். தூக்காவிட்டால் நடுத்துணி தரையைத் தொடும். மருத்துவமனைத் துணி தரையைத் தொட்டால் மறுபடி வெளுக்கப் போட வேண்டியதுதான். பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, ஒருவர் தன் முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, தொங்கும் மடிப்பைக் குனிந்து பிடிக்க வேண்டும். கொடுப்பது யார், வாங்குவது யார் என்று கணத்தில் தெரியாவிட்டால் இரண்டு பேரும் முட்டிக்கொள்வார்கள். உருளைச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. எதிராளியின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் மடித்தாக வேண்டும். பேச்சை நிறுத்திய பிறகும் சம்பந்திகளைப்போல மடிக்க எங்கள் கூடத்தில் ஆள் இல்லை.

மேற்பார்வையாளர் கோப்பைத் திறந்து வாசித்தார். இளம் பெண். சில வாரங்களுக்கு முன்புதான், ஆட்களின் உடல்மொழியைப் படிப்பது எப்படி என்று ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். தோள், கை, கண் என்று படம் போட்ட தாள் ஒன்றைத் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்திருந்தார்.

"விரிப்பை உரிய நேரத்துக்கு முன்பே எதிராளியின் கையிலிருந்து பெரியவர் பிடுங்குகிறார். பிடுங்கும்போது 'ச்' என்று உச்சுக்கொட்டுகிறார். உடனே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சின்னவர் தோளைக் குறுக்கி, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார். விரிப்பு இழுபடும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். இவையெல்லாம் பயத்தின் அடையாளங்கள். இது பல வாரங்களாக நடக்கிறது."

"பயிற்சியில சொல்லிக் கொடுத்தாங்களா மேடம்?" என்றார் உருளைக்காரர்.

"ஆமா. நீங்க இப்ப கையக் கட்டிட்டு நிக்கறீங்களே, அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. நான் சொல்றதைக் கேக்க உங்களுக்கு மனசில்லைன்னு."

"உருளைகிட்ட வெந்துட்டு வந்தவனுக்கு உங்க ஏசி குளிருது மேடம். அர்த்தம் அவ்வளவுதான்."

மேலாளர் சிரிப்பை மீசையோடு சேர்த்துத் தடவி அடக்கினார். மேற்பார்வையாளருக்கு முகம் சிவந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை.

"கிண்டல் பண்ணுங்க, பரவாயில்ல. எங்கம்மா ஒரு கடையில வேலை பாத்தாங்க. கூட நின்ன பொம்பள தினமும் அவங்களக் கிள்ளுவா. வீட்டுல கேட்டா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொல்வாங்க. அந்தக் கடையில ஒருத்தராவது கண்ணத் திறந்து பாத்திருக்கலாமேன்னு எனக்கு இன்னைக்கும் தோணும்."

அதற்குப் பிறகு உருளைக்காரர் கிண்டல் செய்யவில்லை. கட்டிய கையை மட்டும் அவிழ்த்துத் தொங்கவிட்டுக்கொண்டார்.

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மேற்பார்வையாளர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கையெழுத்துக்காக மடிப்புப் பகுதிக்குப் போகும்போது அந்தப் பிடுங்கலை நானும் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சண்டை துணிவரைக்கும் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

மேலாளர் பெரிய சம்பந்தியைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"எதைச் சொல்ல?"

"பிடுங்கறீங்களா, இல்லையா?"

"பிடுங்கறேன்."

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் உருளைக்காரர்.

"யோசிக்க என்ன இருக்கு? மேடத்துக்கு நல்ல கண்ணு. பாத்ததைத்தான் எழுதியிருக்காங்க. இன்னைக்கும் பிடுங்கினேன். நாளைக்கும் பிடுங்குவேன்."

"ஏன்னு நான் கேக்கலாமா?" என்றார் மேலாளர்.

"கேக்கலாம்" என்றார் பெரிய சம்பந்தி. அதோடு வாயை மூடிக்கொண்டு கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கத் தொடங்கினார்.

"என்னை யாரும் எதுவும் பண்ணல" என்றார் சின்ன சம்பந்தி, அலமாரிப் பக்கமிருந்து.

மேற்பார்வையாளர் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார். "அக்கா, பயப்படாதீங்க. நாங்க எல்லாரும் இருக்கோம். பண்ணலன்னு சொல்றப்பவே கைய உடம்போட இறுக்கிக்கறீங்க பாருங்க."

"குளிருது."

"கண்ணு தரையைப் பாக்குது."

"தரை அழுக்கா இருக்கு."

அந்தப் பதிலுக்குச் சிரிக்க வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் சொன்னவரின் குரல் நடுங்கியது. மேற்பார்வையாளர் மேலாளரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், பார்த்தீர்களா என்பதுபோல. சின்ன சம்பந்தி எதை மறுத்தாலும் அது புகாருக்கே பலம் சேர்த்தது. அவர் பேசப் பேசப் பெரியவருக்கு அழுக்கறை நெருங்கி வந்துகொண்டிருந்தது.

"சரி, கை தூக்கிடலாம்" என்றார் மேலாளர்.

இதில் முதலாளியின் விதிகள் தெளிவானவை. புகாருக்கு ஆளானவருக்கு ஓட்டு இல்லை. யாருக்காகப் புகார் எழுந்ததோ அவருக்கு உண்டு. எழுதுகிறவனுக்கு இல்லை. இரண்டு பக்கமும் சமமானால் எல்லாம் இருக்கிறபடியே இருக்கும். வாயால் சொன்னது செல்லாது; கை மேலே போக வேண்டும்.

"மாத்தணும்ங்கறவங்க?"

மேற்பார்வையாளர் கை தூக்கினார். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, பிறகு தூக்கினார்.

"வேண்டாம்ங்கறவங்க?"

உருளைக்காரரின் கை ஜன்னல் கம்பிக்கு மேலே போனது. இனி சின்ன சம்பந்தி தூக்கினால் சமம்; பெரியவர் தன் இடத்திலேயே இருப்பார். தூக்காவிட்டால் அழுக்கறைதான்.

"வேண்டாம்" என்றார் சின்ன சம்பந்தி.

"வாயால சொன்னா எழுத முடியாதும்மா. தூக்குங்க."

அவர் வலக்கை எழும்பியது. முழங்கைக்குக் கீழே மட்டும் எழும்பியது. மேல்கை விலாவோடு சேர்த்துத் தைத்ததுபோல அசையாமல் நின்றது. விரல்கள் தாடைக்கு நேரே வந்து, அங்கேயே தடுமாறின. தோள் மட்டும் காதை நோக்கி ஏறியது.

"இது தூக்கினதா, தாடையச் சொறிஞ்சதா?" என்றார் மேலாளர். அவர் கேட்டது நிஜமாகவே தெரியாமல்தான். "நல்லாத் தூக்குங்கம்மா, கணக்குக்குத் தெரியணும்ல."

வலக்கை இறங்கியது. இடக்கை எழும்பியது. அதுவும் அதே இடத்தில் நின்றது. அவர் பெரிய சம்பந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"கட்டாயப்படுத்தாதீங்க சார்" என்றார் மேற்பார்வையாளர். "அவங்களுக்குத் தூக்க மனசு வரல. ஆனா பயம். அந்த அக்காவைப் பாத்துப் பாத்து, தூக்கற மாதிரி காட்டறாங்க."

"அப்ப, தூக்கலன்னு எழுதிக்கலாமா?" என்று மேலாளர் என்னைக் கேட்டார்.

நான் பேனாவைத் தாளில் வைத்தேன்.

பெரிய சம்பந்தி எழுந்தார். மேற்பார்வையாளர் பதறி எழுந்து குறுக்கே கையை நீட்டினார். கொடியில் தொங்கும் துணியை விலக்குவதுபோல அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, பெரியவர் அலமாரிப் பக்கம் போய்ச் சின்ன சம்பந்தியின் பக்கத்தில் நின்றார். ஒரு உள்ளங்கையை அவர் முழங்கைக்கு அடியில் கொடுத்தார். மற்றதை முதுகில், தோள்பட்டை எலும்புக்கு மேல் வைத்தார்.

"ச்" என்றார்.

சின்ன சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டு, கையின் கனத்தை அந்த உள்ளங்கையில் விட்டார். கை மெல்ல மேலே போனது. மார்பு உயரத்தைத் தாண்டியது. இன்னும் கொஞ்சம் போனது. பிறகு நின்றது. சின்னவர் வலிக்கிறது என்று முனகவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சுளிப்பதற்கு ஒரு நூல் முன்பே பெரியவர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல போகாது" என்று அவர் அலமாரியைப் பார்த்துச் சொன்னார். "அந்தப் பக்கம் இன்னும் மோசம். எண்ணிக்கோங்க, ஒரு கை."

யாரும் எண்ணவில்லை. பெரியவர் கையைத் தூக்கியதைவிட மெதுவாக இறக்கி, மடியில் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

மேற்பார்வையாளர் நின்றபடியே கோப்பைப் புரட்டினார். தான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

"பிடுங்கறது... அவங்க கையத் தூக்கறதுக்கு முன்னாடியே நீங்க வாங்கிக்கறது."

"ம்."

"அந்த 'ச்'?"

"வாங்கப் போறேன்னு சொல்றது. திடீர்னு இழுத்தா தோள்ல சுரீர்னு புடிக்கும். பேச்சுதான் இல்லையே, வேற எப்படிச் சொல்ல?"

"அப்ப, முகத்தைத் திருப்பிக்கறது?"

"வலிக்கறப்ப ஒருத்தி மூஞ்சியையே பாத்துட்டு நின்னா உங்களுக்குப் புடிக்குமா மேடம்?"

மேற்பார்வையாளர் உட்கார்ந்தார். இந்தத் தடவை முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

"இதை அவங்க எப்ப உங்ககிட்டச் சொன்னாங்க?" என்று மேலாளர் கேட்டார்.

"யாரு, அவங்களா? என்கிட்டயா?" பெரிய சம்பந்தி மூக்கால் சிரித்தார். "அவங்க டிபன் டப்பா அலமாரியில மேல்தட்டுலேர்ந்து கீழ்த்தட்டுக்கு வந்துச்சு. கொண்டை போடறவங்க, முடிய முன்னாடி இழுத்துப் போட்டுப் பின்ன ஆரம்பிச்சாங்க. பொழுதன்னைக்கும் எதிர்லயே நிக்கறவளுக்கு ஒருத்தர் வந்து வேற சொல்லணுமா?"

சின்ன சம்பந்தி அப்போதுதான் வாயைத் திறந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"யாரு கேட்டா இவங்கள? சார், நான் கேட்டேனா? மூடி மூடி வச்சிருந்தேனே. இப்ப எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டியாச்சு. இங்க வேலை பாத்து இடுப்பு புடிச்சவருக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியாது? குணமானதும் வாங்கன்னு எழுதினாங்க. அவருக்குக் குணமாயிடுச்சு. இடம்தான் இல்லன்னுட்டாங்க. என் வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். நாளைலேர்ந்து எங்க போய் நிப்பேன்?"

"நான் அழுக்கறைக்குப் போயிட்டா மட்டும்?" பெரியவர் தாழ்ப்பாளிடம் கேட்டார். "வேற ஒருத்தி எதிர்ல நின்னா, மொத பெட்ஷீட்டுலயே தெரிஞ்சுடும். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுவாங்க. அதுக்குத்தான் இடத்த விட்டு நகர மாட்டேன்னு உக்காந்திருந்தேன். பிடுங்கறவள்னு பேரு வாங்கிட்டு உக்காந்திருந்தேன்."

சின்னவரின் கோபம் போய்விட்டதாகத் தெரியவில்லை. அது எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

டாக்டர் என்ன சொன்னார் என்று மேற்பார்வையாளர் சின்னவரைக் கேட்டார்.

"மூட்டு இறுகிப்போச்சாம். தானா இளகுமாம், பயிற்சி பண்ணணுமாம். மாசக்கணக்குல ஆகும், ஆனா இளகிடும்னாரு. அதுக்குள்ள தூக்கித் தூக்கிக் கெடுத்துக்காதீங்கன்னும் சொன்னாரு."

மேலாளர் கழுத்தின் பின்புறத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் கெட்டவர் அல்ல; முதலாளிக்குப் பயந்தவர். அந்தத் தேய்ப்பு தொடங்கினால் கூட்டம் தள்ளிப்போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"தலையணை உறை மேசை இருக்கே" என்றார் உருளைக்காரர். "உக்காந்தே மடிக்கலாம். இடுப்புக்கு மேல கை போக வேண்டாம். அங்க இருக்கற பொண்ணு பெட்ஷீட்டுக்கு வரட்டும். ரொம்ப நாளா கேட்டுட்டேதான் இருக்கா."

"முதலாளி ஒத்துக்கணுமே. ஆள மாத்தறதுன்னா அவரு..."

"பகுதி மாறினால்தான் சார் அவர் அனுமதி வேணும்" என்றேன் நான். "உறை மேசையும் மடிப்புப் பகுதிதான். பகுதிக்குள்ள யாருக்கு எந்த வேலைங்கறது உங்க பொறுப்புன்னு அவரே எழுதியிருக்கார். இதை அவருக்குத் தெரிவிச்சாப் போதும், கேக்க வேண்டியதில்ல."

தேய்ப்பு நின்றது.

"அப்ப தோளப் பத்தி எழுதவே வேண்டாமில்ல?" என்றார் மேலாளர், ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில்.

"எழுதலன்னா என் புகார் அப்படியே நிக்கும்" என்றார் மேற்பார்வையாளர். "அவங்க துன்புறுத்தறாங்கன்னு முதல் அறிக்கை ஏற்கனவே முதலாளிக்குப் போயாச்சு சார். நான்தான் அனுப்பினேன். ஏன் பிடுங்கினாங்கன்னு சொல்லாம அதை எப்படித் திரும்ப வாங்கறது?"

அது உண்மை. பெரியவரின் பேரைத் துடைக்க வேண்டுமானால் சின்னவரின் தோளைச் சொல்லியாக வேண்டும். தோளைச் சொன்னால், முதலாளி ஒரு வரியில் பழையபடி 'குணமானதும் வரட்டும்' என்று எழுதிவிடவும் கூடும். எல்லோரும் சின்ன சம்பந்தியைப் பார்த்தோம். பெரியவர் மட்டும் பார்க்கவில்லை.

"என் பேர என்ன வேணா எழுதிக்கட்டும், எனக்கென்ன" என்று அவர் கதவிடம் சொன்னார். "தோளும் வேண்டாம், கழுத்தும் வேண்டாம்."

சின்ன சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"எழுதுங்க."

"யோசிச்சுக்கோங்க" என்றேன்.

"எழுதுங்கன்னா எழுதுங்க. எனக்காக இவங்க கெட்ட பேரு வாங்க வேண்டாம். நாளைக்கு இவங்க பையன் என் பொண்ணுகிட்டச் சொல்லிக் காட்டுவான். எங்கம்மா உங்கம்மாவுக்காக அப்படி இருந்தாங்க, இப்படி இருந்தாங்கன்னு ஆயுசுக்கும் கேட்டுட்டு இருக்கணும்."

"என் பையன் அப்படிச் சொல்றவன் இல்ல" என்றார் பெரியவர்.

"இல்லதான்" என்றார் சின்னவர். "சொல்லவும் வேண்டாம். எழுதுங்க."

பேச்சு நின்ற பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. இருவருமே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. உருளைக்காரர் கவனித்தார். புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரி. சின்னவங்க உறை மேசைக்கு. பெரியவங்க இருக்கற இடத்துலயே. புகார் வாபஸ். சம்மதம்னா எல்லாரும் கை..." என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னை மறுபடி தூக்கச் சொல்லாதீங்க சார்" என்றார் சின்ன சம்பந்தி. "ஒரு நாளைக்கு ஒண்ணுதான் முடியும்."

முதலில் சிரித்தவர் பெரிய சம்பந்தி. பிறகுதான் மற்றவர்கள் சிரித்தோம். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தலையை ஆட்டினால் போதும் என்று மேலாளர் விதியைத் தளர்த்தினார். ஆறு தலைகள் ஆடின. ஓட்டில்லாத என் தலையும் அதில் ஒன்று.

கடிதத்தை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். மேற்பார்வையாளர் தன் பங்கைத் தானே சொல்லி எழுத வைத்தார். "நான் பார்த்தவை அனைத்தும் நடந்தவையே. அவற்றுக்கு நான் சொன்ன காரணம் தவறு. அந்தத் தவறுக்கு நானே பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அடுத்த பத்தியை அவர் சேர்க்கச் சொன்னார்: இந்தத் தொழிலாளியின் தோள் குணமாகும்வரை உறை மேசை வேலையில் குறைவு நேராமல் பார்த்துக்கொள்வது மேற்பார்வையாளரின் பொறுப்பு, அவரை வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் எழுந்தால் அதற்கு முன் தன்னிடம் விளக்கம் கேட்க வேண்டும். மேலாளர் அந்தப் பத்தியை வாசித்தபோது கை கழுத்துக்குப் போனது. ஆனாலும் அதை அடித்துவிடவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.

சம்பந்திகளின் கையெழுத்துக்காக மடிப்புப் பகுதிக்குப் போனேன். சின்னவர் உறை மேசைக்கு மாறியிருந்தார். பெரியவருக்கு எதிரே உறை மேசைப் பெண். இருவரும் முதல் விரிப்பிலேயே முட்டிக்கொண்டார்கள்.

"நீ குடுக்கணும்டி, வாங்கக் கூடாது" என்று பெரியவர் அதட்டினார். "என் கையப் பாரு, மூஞ்சிய என்னத்துக்குப் பாக்கற?"

சின்னவருக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'நோய்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தேன். அதை அடித்து 'வலி' என்று போடச் சொன்னார். போட்டேன். காகிதத்தை மேசையின் விளிம்புக்கு நகர்த்தி, இடுப்பு உயரத்தில் வைத்துக் கையெழுத்திட்டார்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். அந்த 'அவங்க' கூப்பிடு தூரத்தில்தான் நின்றார். "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க போன் பண்றப்ப, கொழந்தைய அவங்க வீட்டுலேர்ந்தே ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம்னு. என் போன்ல படம் சரியா வரல. அதுக்காகத்தான்."

சொன்னேன். பெரியவர் விரிப்பின் முனைகளைப் பிடித்தபடி யோசித்தார்.

"வரட்டும். ஆனா சீக்கிரம் வரச் சொல்லுங்க. நேரம் போனா அது தூங்கிடும்."

போய்ச் சொன்னேன். "தெரியும்னு சொல்லுங்க" என்றார் சின்னவர். இதற்கு மேல் தூது போனால் எனக்குக் கடைசித் தபால் தப்பிவிடும் என்று பெரியவரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் வாசிக்கச் சொல்லவில்லை. "பிடுங்கினேன்னு போட்டிருக்கில்ல? அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அறைக்குத் திரும்பி, தாள்களை வரிசைப்படுத்தி, மேற்பார்வையாளரின் முதல் அறிக்கையின் நகலைக் கடிதத்துக்குக் கீழே வைத்து, மூன்றாக மடித்து உறைக்குள் போட்டேன். பசை தடவி, விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். கூடத்தின் முத்திரையைக் குத்தி, மை காய ஊதினேன். வாசலில் மாலைச் சுற்றுக்கான வேன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

"முதலாளிக்கா?" என்றார் ஓட்டுநர், உறையைக் கையில் எடை பார்த்து. "கனமா இருக்கே. என்ன விஷயம்?"

"உள்வேலை மாற்றம்" என்றேன். "இன்னைக்கே தபாலில் சேரணும்."

அவர் உறையைச் சட்டைப் பைக்குள் செருகி, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.